சுற்றுலாப் பட்டமும் மணிக் கணக்கும்

பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவுகள் வெளியானதும் நம் நாட்டுக் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு விசாரணை தொடங்குகிறது. பிள்ளை எந்தக் கலாசாலையில் சேர்வது, எந்தப் பட்டத்துக்குப் படிப்பது, சம்பளம் எவ்வளவு கட்டுவது, முடிவில் உத்தியோகம் கிடைக்குமா என்று தகப்பனாரும் மாமன்மாரும் கூடிப் பேசுகிறார்கள். சில காலமாக இப்பேச்சில் சுற்றுலாப் பட்டத்துக்கும் ஓர் இடம் உண்டாகியிருக்கிறது. சுற்றுலா நிர்வாகம், பிரயாண நிர்வாகம், சுற்றுலா இயல் எனப் பல பெயர்களில் அப்பட்டம் வழங்கப்படுகிறது. இவ்வளவு விசாரிக்கும் பெரியோர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அப்பட்டத்துக்குள் என்ன இருக்கிறது? மூன்று ஆண்டுகளின் பொழுது எங்கே, எவ்விதம் செலவாகிறது? அதை எண்ணுகிறவர் யார், எந்த அளவால் எண்ணுகிறார்? ஜவுளிக் கடையில் முழக்கோலின் மேல் கண் வைத்திருக்கும் நாம், பிள்ளையின் ஆயுளில் மூன்று வருஷங்களைக் கொடுத்துப் பட்டம் வாங்கும்போது அளவுகோலைக் கவனியாதிருப்பது விந்தையே.

இது குடும்ப விஷயமாயிற்றே, பொதுக் காரியங்களைப் பேசும் இப்பத்தியில் இதற்கு இடமென்ன என்று சிலர் கேட்கலாம். மாமல்லபுரத்துச் சிற்பங்களை 1984-ஆம் ஆண்டிலும், தஞ்சைப் பெரிய கோயிலை 1987-ஆம் ஆண்டிலும் உலகத்தின் பொதுச் சொத்தாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் தஞ்சையோடு சேர்ந்தன. 2005-இல் நீலகிரி மலை ரயிலும் அப்பட்டியலில் ஏறியது. இவற்றைக் காண வருகிறவனுக்கு நம்மைப் பற்றிச் சொல்லுகிறவர் யார்? அவர் சொல்வது மெய்யா, கட்டுக்கதையா? வருகிறவன் செலவிடும் பணத்தில் ஊர்க்காரனுக்கு வருவது எவ்வளவு? இவையனைத்தும் அத்தொழிலுக்கு நாம் எவ்வித மனிதர்களைத் தயாரிக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. ஆகவே இது பொதுக் காரியமே.

சுற்றுலாவையும் கல்வியையும் இணைத்துப் பேசுவது புதிதுமன்று. 1945-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுற்றுலாவை வளர்ப்பது குறித்து ஆராய முதன்முதலாக ஒரு குழு அமைக்கப்பட்டபோது, அதற்குத் தலைமை வகித்தவர் ஸர் ஜான் சார்ஜென்ட். அவர் ரயில்வே உத்தியோகஸ்தரல்லர், ஹோட்டல் முதலாளியுமல்லர், அப்போதைய இந்திய சர்க்காரின் கல்வி ஆலோசகர். எனினும் அத்தொழிலுக்கெனத் தனிக் கல்வி நிலையம் தோன்ற நெடுநாளாயிற்று. மத்திய சர்க்காரின் இந்தியச் சுற்றுலா மற்றும் பிரயாண நிர்வாக நிலையம் 1983-இல்தான் நிறுவப்பட்டது. குவாலியரில் அதன் தலைமையிடம் அமைந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தபால் மூலம் சுற்றுலாப் பட்டத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பிறகு சர்வகலாசாலைகள் பலவும் இத்துறையில் பட்டங்களை ஏற்படுத்தின. ஆசிரியர் தகுதிக்கான தேசியப் பரீட்சையிலும் சுற்றுலா நிர்வாகம் தனிப் பாடமாக இடம் பெற்றது.

இனி அளவுகோலுக்கு வருவோம். இக்காலத்துச் சர்வகலாசாலைகள் படிப்பை ‘கிரெடிட்’ என்னும் அலகால் அளக்கின்றன. தமிழில் அதை மதிப்பலகு என்போம். நெல்லை மரக்காலால் அளப்பது போல் படிப்பை மணியால் அளப்பதே இதன் சாரம். வாரத்துக்கு ஒரு மணியாகப் பதினைந்து வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு மதிப்பலகு. ஆகவே மூன்று மதிப்பலகுப் பாடமென்றால் 45 மணி வகுப்பு. செய்முறை, களப்பணி, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் ஒரு மதிப்பலகு பெற 30 மணி உழைக்கவேண்டும்.

இந்த அளவு பிறந்த கதை வாசகர்கள் அறியத்தக்கது. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தனவந்தர் ஆண்ட்ரூ கார்னகி, கலாசாலை ஆசிரியர்களுக்கு முதுமையில் உபகாரச் சம்பளம் அளிப்பதற்காக ஒரு கோடி டாலர் நன்கொடை வழங்கினார். அதைப் பெறுவதற்குரிய கலாசாலை எது என்று நிர்ணயிக்க ஓர் அளவு வேண்டியிருந்தது. உயர்தரப் பள்ளியில் ஒரு பாடத்தை ஆண்டில் 120 மணி நேரம் படிப்பது ஓர் அலகு என்றும், அத்தகைய 14 அலகுகளை முடித்த மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நிலையமே கலாசாலை என்றும் கார்னகி அறநிலையம் விதி வகுத்தது. 1910-இல் மாரிஸ் குக் என்னும் பொறியியல் நிபுணர், தொழிற்சாலைகளின் சிக்கன முறையைக் கல்வி நிலையங்களுக்குப் பொருத்தி ஆராய்ந்து, ‘மாணவர் மணி’ என்ற அளவைச் சர்வகலாசாலைகளுக்கும் எடுத்துக் கூறினார். ஆசிரியருடைய உபகாரச் சம்பளத்துக்காகப் பிறந்த அளவு, இவ்வாறு மாணவனுடைய அறிவின் அளவாக உலகெங்கும் பரவிற்று. இது கல்வியை மிகவும் கரடுமுரடாகவே அளக்கும் கருவி என்பதைக் கார்னகி அறநிலையமே 2015-இல் வெளியிட்ட தன் ஆராய்ச்சி அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்த அளவு மாணவன் செலவிட்ட பொழுதைக் காட்டும். அவன் கற்றுக்கொண்டதைக் காட்டாது.

அளவு ஒன்றாயினும் எல்லா இடத்திலும் எண்ணிக்கை ஒன்றாயிருக்கிறதா? அதுவுமில்லை. மூன்றாண்டுப் பட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பழைய முறையில் சுற்றுலா இயல் பட்டத்துக்கு 96 மதிப்பலகுகள். அங்கே ஒரு மதிப்பலகுக்கு மாணவன் வீட்டில் படிக்கும் பொழுதையும் சேர்த்து 30 மணி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120. தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் மொழிப் பாடம் முதல் விரிவாக்கப் பணி வரை ஐந்து பகுதிகளாகப் பிரித்து 140 வழங்கும் முறை வேரூன்றியிருக்கிறது. மானியக் குழுவின் ஆதரவில் ஏற்பட்ட தொழிற்கல்விப் பட்டத்தில் 180. ஐரோப்பாவிலும் மூன்றாண்டுக்கு 180 தான்; ஆனால் அங்கே ஓர் அலகு 25 முதல் 30 மணி உழைப்பைக் குறிக்கும். இங்கிலாந்திலோ 360, அங்கே ஓர் அலகு பத்து மணி மட்டுமே.

ஆக, 96 என்றாலும் 360 என்றாலும் மாணவனுக்கு மூன்று ஆண்டுதான் செல்லுகிறது. பெரிய எண்ணைக் காட்டிப் பெரிய படிப்பு என்று விளம்பரம் செய்யும் நிலையத்திடம் வாசகர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ஒரு படியில் எத்தனை ஆழாக்கு என்று தெரியாமல் படிக்கணக்குப் பேசுவது வியாபாரமாகாது. மொத்த எண்ணை விட்டுவிட்டு, அந்த எண்ணை எவ்விதம் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதே விவேகம்.

2022 சட்டகத்தின் 120-ஐப் பிரித்துப் பார்ப்போம். பிரதான பாடத்துக்குக் குறைந்தது 60. துணைப் பாடத்துக்கு 24. பிற துறைப் பாடங்களுக்கு 9. மொழித் திறனுக்கு 8. தொழில் திறனுக்கு 9. நன்னெறி, சுற்றுப்புறம் முதலிய பொதுப் பாடங்களுக்கு 6 முதல் 8. வேனில் விடுமுறையில் செய்யும் தொழிற்பயிற்சிக்கு 2 முதல் 4. நான்காம் ஆண்டும் படித்தால் மொத்தம் 160 ஆகிச் சிறப்புப் பட்டம் கிடைக்கும். ஆராய்ச்சியோடு கூடிய சிறப்புப் பட்டத்தை நாடுவோருக்கு அதில் 12 ஆய்வேட்டுக்கு உரியவை. இச்சட்டகத்தைப் பிறப்பித்த 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை குறித்து நாட்டில் நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களில் நாம் இப்போது புகவில்லை. சரித்திரத்துக்கும் பொருளாதாரத்துக்கும் பௌதிகத்துக்கும் பொதுவாக வகுத்த ஒரு சட்டகம் சுற்றுலா மாணவனுக்கு எவ்விதம் பொருந்துகிறது என்பதே நம் கேள்வி.

தொழிற்பயிற்சிக்கு மிகுதியாகக் கிடைப்பது நான்கு மதிப்பலகு. நான்கை முப்பதால் பெருக்கினால் 120 மணி. நாளொன்றுக்கு எட்டு மணியென்று வைத்தால் பதினைந்து நாள். மூன்று ஆண்டில் பதினைந்து நாள்! இதை மற்றத் தொழில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் சார்ந்த வக்கீல் தொழிலில், இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகள், மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி வேண்டுமென்கின்றன. அதுவே போதாதென்று மூத்த வக்கீல்கள் குறை கூறுகிறார்கள். வைத்திய மாணவன் ஓராண்டு முழுவதும் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறாமல் பட்டம் பெற முடியாது. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை 1922-இல் விடுதி நிர்வாகக் கல்வியைத் தொடங்கியது. அங்கே வகுப்பறைக் கணக்குக்குப் புறம்பாக 800 மணி தொழிலில் உழைத்திருக்கவேண்டும் என்று விதித்து வந்திருக்கிறார்கள். பிரயாணிகளை அழைத்துச் செல்லும் தொழிலுக்கு மட்டும் பதினைந்து நாள் போதுமென்று எந்த நியாயத்தால் கூறுவது?

காலமும் பொருந்தவில்லை. பயிற்சிக்கு ஒதுக்குவது வேனில் விடுமுறை. உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் அது கூட்டம் மிகுந்த பருவம். அங்கே செல்லும் மாணவன் ஏதேனும் கற்பான். தஞ்சையிலும் மாமல்லபுரத்திலுமோ சித்திரை வைகாசி வெயிலில் அயல்நாட்டுப் பிரயாணிகள் அருகிவிடுகிறார்கள். அவர்கள் திரளாக வரும் மார்கழி தை மாதங்களில் நம் மாணவன் வகுப்பில் உட்கார்ந்து ‘சுற்றுலாத் தத்துவங்கள்’ படித்துக்கொண்டிருக்கிறான். உழவு நடக்கும்போது வீட்டிலிருந்துவிட்டு, அறுவடை முடிந்த பிறகு வயலுக்குச் சென்று விவசாயம் பழகுவது போன்றது இது.

சட்டகம் இவ்விதம் இருப்பதால் கலாசாலைகளின் கை கட்டப்பட்டிருக்கிறதோ என்றால், இல்லை. பிரதான பாடத்தின் 60 மதிப்பலகுகளில் எவ்வளவு களப்பணியாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்வது அந்தந்தச் சர்வகலாசாலையின் பாடத்திட்டக் குழுவே. தொழில் திறனுக்குரிய ஒன்பதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. வழி காட்டும் முன்மாதிரியும் உண்டு. மேலே கூறிய தொழிற்கல்விப் பட்டத்தின் 180-இல் 108 தொழில் திறனுக்கும் 72 பொதுக் கல்விக்கும் என்று பிரித்தார்கள். அதாவது நூற்றுக்கு அறுபது பங்கு கைத்தொழிலுக்கு. மனமிருந்தால் சாதாரணப் பட்டத்திலும் ஓர் அரையாண்டு முழுவதையும் களத்துக்கு ஒதுக்கலாம். ஒதுக்காமைக்குக் காரணம், வகுப்பு நடத்துவது எளிது, களத்துக்கு அனுப்பி மேற்பார்வை செய்வது கடினம் என்பதேயன்றி வேறல்ல. விதிகளோ இன்னும் எளிய வழியையும் திறந்து வைத்திருக்கின்றன. 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஓர் அரையாண்டின் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை இணையவழி வகுப்புகளின் மூலம் முடித்துக்கொள்ளலாம். கணக்கியல் போன்ற பாடங்களுக்கு இது உதவியே. யாத்திரைத் தொழிலைத் திரையைப் பார்த்துக்கொண்டே கற்க முடியுமென்று எண்ணினால் அது நகைப்புக்கிடமாகும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்பது நியாயம். சர்வகலாசாலை தொழிற்பட்டறையன்று, பரந்த அறிவைக் கொடுப்பதே அதன் கடமை, டிக்கட் எழுதவும் அறை ஒதுக்கவும் கற்பிப்பதற்குப் பட்டம் எதற்கு என்று பேராசிரியர்கள் சிலர் சொல்லுகிறார்கள். இதில் உண்மை உண்டு. சரித்திரம் அறியாத வழிகாட்டி கிளிப்பிள்ளையாவான். பூகோளமும் சிற்பமும் சட்டமும் கணக்கும் தெரியாதவன் யாத்திரை நிலையத்தில் என்றும் சிப்பந்தியாகவே இருப்பான். ஆகையால் வகுப்பறையை மூடிவிடும்படி நாம் சொல்லவில்லை. தாராசுரத்துத் தேர் மண்டபத்தைப் பற்றிய பாடத்தை அம்மண்டபத்தின் நிழலில் நடத்தலாமே என்கிறோம். அங்கே சரித்திரமும் கற்கலாம். நாற்பது பேரை வெயிலில் களைப்பின்றி நடத்திச் செல்வது எப்படி என்பதும் கற்கலாம். அறிவும் அனுபவமும் ஒரே இடத்தில் கிடைக்கும் துறைகள் சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

மொழி விஷயம் இன்னும் முக்கியமானது. சுற்றுலா என்றதும் வெள்ளைக்காரப் பிரயாணியே நம் கண்முன் வருகிறான். பாடத்திட்டமும் அவனுக்காகவே அமைக்கப்பட்டது போலிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வரும் யாத்திரிகர்களில் அயல்நாட்டார் ஒரு சிறு பகுதியினரே. இராமேசுவரத்துக்கும் மதுரைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டினரே. தெலுங்கும் கன்னடமும் வங்காளமும் ஹிந்தியும் பேசுகிறவர்கள். அவர்களைக் காட்டிலும் மிகுதியாகத் தமிழர்களே. கோயிலின் கட்டட அமைப்பை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பட்டதாரி, பக்கத்து ஜில்லாவிலிருந்து வந்த குடியானவனுக்கு அதையே நல்ல தமிழில் விளக்கத் தெரியாமல் விழிப்பானாயின் அந்தப் பட்டத்தினால் யாருக்குப் பிரயோஜனம்? மொழித் திறனுக்கென ஒதுக்கிய மதிப்பலகுகளை, தாய்மொழியில் விளக்கும் பயிற்சிக்கும் அண்டை நாட்டு மொழியொன்றைப் பேசும் பயிற்சிக்கும் செலவிடலாம். இதற்குப் புதிய விதி எதுவும் வேண்டியதில்லை.

ஏழை மாணவன் நிலையிலிருந்தும் இக்கணக்கைப் பார்க்கவேண்டும். 2022 சட்டகத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. முதலாண்டில் 40 மதிப்பலகுகளும் வேனிலில் நான்கு மதிப்பலகுத் தொழிற்பாடமும் முடித்தவன் சான்றிதழோடு வெளியேறலாம். இரண்டாண்டு முடித்தவன் அதே விதமாக டிப்ளமாவோடு வெளியேறலாம். மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டத்தை முடிக்கலாம். ஈட்டிய மதிப்பலகுகளைச் சேமித்து வைக்க 2021-இல் ஒரு கல்வி வங்கியும் ஏற்படுத்தினார்கள். அங்கும் சேமிப்பின் ஆயுள் ஏழாண்டு. தகப்பனார் நோய்வாய்ப்பட்டதால் படிப்பை நிறுத்தும் பிள்ளைக்கு, முன்பெல்லாம் படித்த இரண்டு வருஷமும் வீணாயின. இப்போது அவை கணக்கில் நிற்கின்றன. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், வெளியேறும் வாசலை அகலமாக்கிவிட்டுத் திரும்பும் வாசலில் உபகாரச் சம்பளமும் விடுதியும் இல்லாமற் செய்தால், ஏழைக்குச் சான்றிதழும் செல்வனுக்குப் பட்டமும் என்று கல்வி இரண்டாகப் பிரிந்துவிடும். ஓராண்டுச் சான்றிதழின் மதிப்பு முழுவதும் அந்த ஓராண்டில் கைக்கு வந்த தொழிலில் இருக்கிறது. முதலாண்டில் தத்துவம் மட்டும் கற்பித்து அனுப்பினால் அவன் கையிலிருப்பது வெறும் காகிதமே.

பட்டமில்லாத பெரியவர்களையும் மறக்கலாகாது. நம் கோயில் ஊர்களில் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் கல்லோடும் கதையோடும் வாழ்ந்து, கேள்வியாலும் உழைப்பாலும் பல பாஷைகளில் பேசப் பழகிய வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் சான்றிதழ் இல்லை. 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுச் சட்டகம், அனுபவத்தால் பெற்ற திறமையையும் சோதித்து மதிப்பலகு வழங்கலாம் என்ற கொள்கையை ஏற்றிருக்கிறது. கொள்கை ஏட்டில் நிற்கிறது; ஊர்தோறும் சென்று அவர்களைச் சோதித்துச் சான்று வழங்கச் சர்வகலாசாலைகள் முன்வரவேண்டும். அவ்விதம் சான்று பெற்ற பெரியவர்களையே மாணவர்களுக்குக் களப் போதகர்களாக அமர்த்தினால், மேற்பார்வைக்கு ஆளில்லை என்ற சாக்கும் ஒழியும்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நம் வாசகர்கள் தத்தம் ஊர்களில் செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, சுற்றுலாப் பட்டம் நடத்தும் ஒவ்வொரு கலாசாலையும் மதிப்பலகுப் பட்டியலைச் சேர்க்கைக்கு முன்பே தமிழில் அச்சிட்டு வாசலில் வைக்கும்படி கேட்கவேண்டும். வகுப்புக்கு எத்தனை மணி, களத்துக்கு எத்தனை மணி என்பது அதில் தெளிவாக இருக்கவேண்டும். இரண்டாவது, பட்டத்தில் ஓர் அரையாண்டுக்குக் குறையாத பொழுது களத்தில் செல்லவேண்டும் என்றும், அது யாத்திரிகர் வரும் பருவத்தில் அமையவேண்டும் என்றும் பாடத்திட்டக் குழுக்களுக்கு விண்ணப்பம் அனுப்பவேண்டும். மூன்றாவது, பயிற்சிக்கு வரும் மாணவனைக் கூலியில்லாத வேலைக்காரனாக நடத்தும் விடுதிகளையும் யாத்திரை நிலையங்களையும் கண்காணித்து, வழிச் செலவும் உணவும் தரும்படி செய்யவேண்டும். நான்காவது, அனுபவசாலிகளுக்குச் சான்று அளிக்கும் ஏற்பாட்டை ஸ்தல ஸ்தாபனங்களின் மூலம் வற்புறுத்தவேண்டும்.

சர்வகலாசாலை கொடுக்கும் பட்டம் ஓர் உறுதிப் பத்திரம் என்றே நாம் கருதுகிறோம். இதைப் பெற்றவன் இன்ன தொழிலுக்குத் தகுதியுடையவன் என்று உலகத்துக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அது. பத்திரத்தில் எழுதிய தொகைக்குரிய சரக்கு பெட்டியில் இருக்கிறதா என்று திறந்து பார்க்கும் உரிமை, பணம் கட்டும் பெற்றோருக்கும் வரி செலுத்தும் பொதுஜனங்களுக்கும் உண்டு. இவ்வாண்டு சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோர் ஒவ்வொருவரும், “என் பிள்ளை எத்தனை நாள் வெளியே நின்று தொழில் பழகுவான்?” என்று அலுவலகத்தில் கேட்கட்டும். நூறு பேர் கேட்டால் பதில் தயாராகும். ஆயிரம் பேர் கேட்டால் பாடத்திட்டமே மாறும்.